சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முன்னோர் மொழி. பலர் கூடி ஓர் இணையத்தளத்தை அமைக்க முற்படும்போது, அவர்கள் தேர்ந்துகொள்ளும் மென்பொருளே அச்சுவராக அமைகிறது. எழுத வருவோர் யார், எழுதியதைத் திருத்துவோர் யார், எழுதியவை எவ்வாறு காக்கப்படும் என்பவற்றை அம்மென்பொருளே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஆதலின், மென்பொருளைத் தேர்வது கடைக்குச் சென்று கருவி வாங்குவது போன்றதன்று. ஒரு சங்கத்திற்குச் சட்டதிட்டம் வகுப்பதை ஒத்தது. இவ்வுண்மையை விக்கிப்பீடியாவின் தொடக்க கால வரலாறு தெளிவுறக் காட்டுகிறது.

2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவில் நுபீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பெற்றது. ஜிம்மி வேல்ஸ் தம் நிறுவனத்தின் வழியாக அதற்குப் பொருளுதவி செய்தார். மெய்யியல் கற்ற லாரி சாங்கர் தலைமைப் பதிப்பாசிரியராக விளங்கினார். துறை வல்லுநரே கட்டுரை எழுத வேண்டும். அக்கட்டுரை ஏழு படிகளைக் கடந்த பின்னரே வெளிவர வேண்டும் என்பது அங்கு விதி. நோக்கம் உயர்ந்ததே, எனினும், வாயில் குறுகியதாக இருந்தது. முதலாண்டில் நிறைவெய்திய கட்டுரைகள் ஏறத்தாழ 20 மட்டுமே. அறிஞர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களை விரைந்து உள்ளே அழைத்துச் செல்லும் வழிதான் இல்லை.

அவ்வழி வேறோர் இடத்தில் முன்னரே பிறந்திருந்தது. 1995-ஆம் ஆண்டில் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர், படிப்பவர் எவரும் அப்பொழுதே திருத்தக்கூடிய பக்கங்களைக் கொண்ட ஒரு தளத்தை உருவாக்கினார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரை நினைவுகூர்ந்து அதற்கு ‘விக்கி’ எனப் பெயரிட்டார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு ‘விரைவு’ என்பது பொருள். 2001-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நண்பர் ஒருவர் வழியாக இம்முறையை அறிந்த சாங்கர், நுபீடியாவில் அதனைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். அங்கிருந்த வல்லுநர் பலர் அதனை விரும்பவில்லை. எனவே, அவ்வாண்டு ஜனவரி 15-ஆம் நாள் விக்கிப்பீடியா தனித்தளமாகத் தோன்றியது.

அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மென்பொருள் யூஸ்மாட்விக்கி என்பது. கிளிஃபர்டு ஆடம்ஸ் என்பவர் பெர்ல் மொழியில் எழுதிய அம்மென்பொருள் எளியது, நிறுவுவதும் எளிது, விலையும் இல்லை. பக்கங்களைத் தரவுத்தளத்தில் வைக்காமல் சாதாரணக் கோப்புகளாகவே அது சேமித்தது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு இணைப்பு அமைய வேண்டுமானால், சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாத தமிழுக்கு அவ்விதி பொருந்துமா? நற்பேறாக, 2001-ஆம் ஆண்டிலேயே இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எச்சொல்லையும் இணைப்பாக்கும் முறை வந்தது. அன்று செய்த அச்சிறு திருத்தம் பின்னாளில் பன்மொழிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது.

முதலாண்டு முடிவதற்குள் கட்டுரைகள் ஏறத்தாழ 20,000 ஆயின. எளிய சுவர் அப்பெருஞ்சித்திரத்தைத் தாங்கவில்லை. செர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் பயின்ற மாக்னஸ் மான்ஸ்கே என்னும் மாணவர், தரவுத்தளத்தைக் கொண்டு இயங்கும் புதிய மென்பொருளை எழுதினார். 2002 ஜனவரியில் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. கூட்டம் மேலும் பெருகவே, அதுவும் தளர்ந்தது. லீ டேனியல் குரோக்கர் என்பவர் அதனை மீண்டும் எழுத, அப்புதிய வடிவம் அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2003-ஆம் ஆண்டில் அதுவே மீடியாவிக்கி எனப் பெயர் பெற்றது. ஒன்றரை ஆண்டில் இருமுறை அடித்தளம் மாறியும் தளம் சிதையவில்லை. நிரலைக் காணவும் திருத்தவும் எவருக்கும் உரிமை இருந்தமையே அதற்குத் தலையாய காரணம்.

எனினும் இழப்பும் நேர்ந்தது. பழைய மென்பொருள், இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, பக்கங்களின் முந்தைய வடிவங்களைச் சில காலத்திற்குப் பின் நீக்கிவிடும் இயல்புடையது. அதனால் தொடக்க மாதங்களில் யார் எதை எழுதினார் என்னும் குறிப்புகளுள் பல கிட்டாமற்போயின. 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் என்னும் நிரலாளர் பழைய காப்புப்படிகளைக் கண்டெடுத்த பின்னரே அவ்வரலாறு பெருமளவு மீண்டது. விரைவை நோக்கித் தேர்ந்த கருவி நினைவைக் காக்கத் தவறியதற்கு இது சான்று.

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. தளத்தில் விளம்பரம் இடம்பெறக்கூடும் என்னும் ஐயத்தால், 2002 பிப்ரவரியில் ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர் பலர் பிரிந்து சென்று, செவில் பல்கலைக்கழகத்தின் துணையோடு தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினர். எழுதியவற்றை எடுத்துச்செல்ல உரிமம் இடந்தந்ததால், அவர்கள் வெறுங்கையராய்ப் போகவில்லை. வெளியேறும் உரிமையும் ஒரு சமூகத்தின் செல்வமே.

இவ்வரலாற்றில் தமிழுக்கும் பங்குண்டு. 1990-களில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டதால், ஒருவர் தட்டச்சு செய்த தமிழ் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1997-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாடு இச்சிக்கலை ஆராய்ந்தது. 1991-ஆம் ஆண்டு முதலே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி பின்னர்ப் பரவலாயிற்று. 2003-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியையே அடிப்படையாகக் கொண்டது. மீடியாவிக்கியின் பொத்தான்களையும் அறிவிப்புகளையும் தன்னார்வலரே தமிழாக்க முடிந்தது. 2017-ஆம் ஆண்டில் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன.

பள்ளியோ, சங்கமோ, மன்றமோ புதிய தளம் ஒன்றை அமைக்கும்போது, அழகிய தோற்றத்தையும் குறைந்த விலையையும் மட்டுமே நோக்குதல் போதாது. புதியவர் எளிதில் உள்ளே வர இயலுமா? தமிழ் அங்கே தடையின்றி இயங்குமா? பழைய பதிவுகள் நிலைக்குமா? நாளை வேறு மென்பொருளுக்கு மாற நேரின், எழுதியவை அனைத்தையும் உடன்கொண்டு செல்ல முடியுமா? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே சுவர் எழுப்புதல் வேண்டும். சுவரை மாற்றலாம், அழிந்த சித்திரத்தை மீட்டல் அரிது.