மஞ்சள் அட்டையின் வரலாறு

ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து இந்தியா வருவோர் கடவுச்சீட்டோடு காட்ட வேண்டிய மஞ்சள் நிறத் தடுப்பூசிச் சான்றிதழ், இந்நாட்டில் ஒருபோதும் வேரூன்றாத ஒரு நோயைத் தடுக்க எழுந்தது. அந்நோய் மஞ்சள் காய்ச்சல். கல்லீரலைத் தாக்கி உடலை மஞ்சளாக்குவதால் அதற்கு இப்பெயர் வந்தது. எனினும் நம் வழக்கிலுள்ள மஞ்சள் காமாலை வேறு, கொசுவால் பரவும் இந்த வைரஸ் நோய் வேறு.

1793இல் பிலடெல்பியா நகர மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரைப் பலிகொண்ட இக்காய்ச்சல் பரவும் வழி நெடுங்காலம் விளங்காததால், நோயாளியின் உடை, படுக்கை, கப்பலில் வந்த சரக்கு ஆகியவற்றின்மீதே பழி விழுந்தது. கொசுவே காரணம் என்று 1881இல் கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே கூறியதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை; 1900இல் வால்ட்டர் ரீடின் குழு ஹவானாவில் நடத்திய சோதனைகளே அதை உறுதிப்படுத்தின. கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களில் பெருகிய கொசுக்கள் நோயைக் கடல் கடத்தியிருந்தன.

அக்கொசு, இன்று டெங்குவைப் பரப்புவதாக நாம் நன்கறிந்த ஏடிஸ் எஜிப்தி. இந்தியத் துறைமுகங்களில் அது மலிந்திருந்ததால், 1914இல் திறக்கப்படவிருந்த பனாமா கால்வாய் நோயை ஆசியாவுக்குக் கொண்டுவரும் என்ற அச்சம் எழுந்தது; எஸ். பி. ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரி இது பற்றி ஆராய அனுப்பப்பட்டார். பின்னர் அச்சத்தை வலுப்படுத்தியவை இந்தியக் குரங்குகள். 1927இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஏட்ரியன் ஸ்டோக்ஸும் உடனிருந்தோரும், இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட செம்முகக் குரங்குகளுக்கு நோயாளி ஒருவரின் குருதியைச் செலுத்தியபோது அவை நோயுற்று மாண்டன. இதனால் ஆய்வகத்தில் நோயைப் பேணும் வழி கிடைத்தது. ஆனால் ஸ்டோக்ஸ் அதே ஆண்டில் அதே காய்ச்சலுக்குப் பலியானார். அப்போது பிரித்தெடுக்கப்பட்ட வைரஸிலிருந்தே மாக்ஸ் தைலர் 1937இல் 17டி என்னும் தடுப்பூசியை உருவாக்கினார். 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தொற்றியபின் நோய் வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் ஆகும். வாரக்கணக்கில் கடலில் மிதந்த கப்பலில் நோய் கரைசேருமுன்பே தெரிந்துவிடும். விமானப் பயணியோ நலமாகத் தோன்றியபடியே இறங்கிவிடுவார். 1933இல் ஹேக் நகரில் வான்வழிப் பயணத்துக்கெனத் தனி நலவாழ்வு உடன்படிக்கை உருவானதன் பின்னணி இதுவே. சான்றிதழ் இல்லாது இந்தியா வருவோரை ஆறு நாள் தனிமைப்படுத்தும் விதியும் அந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது. உடல் எதிர்ப்பாற்றல் பெற நாளாகும் என்பதால், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும். அது பத்தாண்டுக்குப் பதிலாக வாழ்நாள் முழுவதும் செல்லும் என்ற திருத்தம் 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டில் அங்கோலாவில் பரவிய பெருந்தொற்றின்போது, அங்கு வேலை செய்த சீனர்களில் 11 பேர் நோயுடன் தாயகம் திரும்பினர். ஆசியாவில் ஆய்வகச் சோதனையால் உறுதியான முதல் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகள் அவர்களே. எனினும் அவர்களிடமிருந்து நோய் மற்றவர்க்குப் பரவவில்லை.