இறப்பரும் அரிசியும் ஓர் அமெரிக்கச் சட்டமும்

வயலும் இறப்பர்த் தோட்டமும் அயலயலாய்க் கிடக்கும் மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. அம்மாவட்டத்துப் பல்லேபொல போன்ற சிற்றூர்களின் அன்றாட வாழ்வு, 1951ஆம் ஆண்டில் வாஷிங்டனில் இயற்றப்பட்ட சட்டமொன்றினாற் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தது என்பது வியப்பாகத் தோன்றலாம். வரலாறு காட்டுவது அதுவேயாகும்.

நேச நாடுகளின் உறுதிப்பாட்டையும் பாதுகாப்பையும் பேணுதற்கென 1951இல் அமெரிக்கக் காங்கிரஸ் பரஸ்பர பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த 'பற்றில் சட்டம்' பொதுவுடைமை நாடுகளுக்குப் போர்முக்கியத்துவப் பொருள்களை அனுப்பும் நாடுகளுக்கு உதவியை மறுத்தது. இறப்பரும் அத்தகைய பொருளாகவே கருதப்பட்டது.

இலங்கையின் நிலையோ வேறு. கொரிய யுத்தத்தால் உயர்ந்த இறப்பர் விலை சரிந்தது. உலகச் சந்தையில் அரிசி அரிதாயிற்று. சலுகை விலையில் அரிசி தர அமெரிக்கா முன்வரவில்லை. சந்தை விலையிலும் கூட்டி இறப்பரை வாங்கச் சீனா இசைந்தது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்க பீக்கிங் சென்றார். 1952 டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகியது: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. சீனாவுக்குப் போர்ப்பொருள்கள் அனுப்பலாகாதென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951இல் விதந்துரைத்திருந்தது. ஆனால் சோவியத் வீற்றோவினால் இலங்கை அப்போது அச்சபையின் உறுப்பினராகவே இருக்கவில்லை!

இதிலுள்ள முரண் ஊன்றி நோக்கத்தக்கது. ஒப்பந்தம் செய்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் பொதுவுடைமை இயக்கத்தின் கடும் எதிரி. அமெரிக்க வானொலிக்கு 1951இல் இடமளித்ததும் அதுவே. பொதுவுடைமையிலிருந்து நேசரைக் காக்க எழுந்த சட்டம் அந்நேசரையே தண்டித்தது. 1956 வரை இலங்கைக்கு அமெரிக்கப் பொருளாதார உதவி கிடைக்கவில்லை.

எனினும் சீன அரிசி மட்டும் அரசாங்கத்தைக் காத்துவிட்டது எனல் மிகையாகும். மானியச் சுமையைக் குறைக்கும் நோக்கில் 1953 ஜூலையில் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். உறுதிப்பாடு என்பதை அரிசி விலையே நிர்ணயித்தது போலும்.

உறுதிப்பாடு பற்றிய இவ்விவாதங்களில் ஒரு சாராரின் பெயர் எங்கும் இல்லை. தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டியவர்களுள் இந்திய வமிசாவழித் தமிழர் பலர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயிருந்தனர். பங்கீட்டு அரிசியை உண்டவரும் அவர்களே. அதன் விலை பற்றி வாக்களிக்க இயலாதவரும் அவர்களே.

உதவிச் சட்டம் மீண்டும் ஒருமுறை இலங்கையைத் தொட்டது. அமெரிக்க, பிரித்தானிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளுட் சில 1962இல் சுவீகரிக்கப்பட்டன. நட்டஈடு தாமதமாகவே, அதே ஆண்டு இயற்றப்பட்ட ஹிக்கன்லூப்பர் திருத்தத்தின் கீழ் 1963 பெப்ரவரியில் உதவி நிறுத்தப்பட்டது. அத்திருத்தம் முதன்முதலிற் பிரயோகிக்கப்பட்ட நாடு இலங்கையே. 1965இல் மீண்டும் பிரதமரான டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் நட்டஈட்டுக்கு இணங்கியபின் உதவி தொடர்ந்தது. சீனாவுக்கு இறப்பர் செல்வதோ அப்போதும் நிற்கவில்லை.