மரப்பலகையில் ஒரு வானொலி

இலங்கை வானொலியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் குரல்களையே நினைவுகூர்கின்றனர். எஸ்.பி. மயில்வாகனம் முதல் பி.எச். அப்துல் ஹமீத் வரை அக்குரல்கள் போற்றத்தக்கவையே. ஆனால், அந்தக் குரல்களைத் தாமே செய்த கருவியில் கேட்க முனைந்த சிறுவர்களும் கொழும்பில் இருந்தார்கள். இக்குறிப்பு அவர்களைப் பற்றியது.

இந்நாட்டில் ஒலிபரப்பே ஒருவகைக் கைவேலையாகத்தான் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1920களின் முற்பகுதியில் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் பாகங்களைக் கொண்டே அதற்கான கருவி அமைக்கப்பட்டது என்பர். 1925 டிசம்பர் 16இல் முறையான சேவை ஆரம்பமாயிற்று. வானொலி ஆர்வலர்களுக்கென ஒரு கழகத்தையும் ஹார்ப்பர் அமைத்தார்.

அரை நூற்றாண்டின் பின், 1974இல், கொட்டாஞ்சேனையில் இருந்த எனக்குப் பத்து வயது. வெள்ளவத்தையிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் படித்த தமிழ் நண்பன் ஒருவன் சிறிய புத்தகமொன்றை இரவல் தந்தான். லேடிபேர்ட் பதிப்பகம் 1972இல் வெளியிட்ட, ட்ரான்சிஸ்டர் வானொலி செய்யும் முறையை விளக்கும் நூல் அது. எழுதியவர் ஜோர்ஜ் டொப்ஸ் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். ஈயம் பற்றவைக்கும் கருவி இல்லாத பிள்ளைகளுக்காக, மரப்பலகையில் திருகாணிகளை முடுக்கிக் கம்பிகளை இணைக்கும் வழியை அவர் காட்டியிருந்தார். எளிய அமைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ட்ரான்சிஸ்டராகச் சேர்த்துச் செல்லலாம்.

பாகங்கள் கிடைப்பதுதான் கஷ்டம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. பழுதான பெட்டிகளே எங்கள் கடை. நானா ஒருவர் கழற்றிப் போட்ட பெட்டியிலிருந்து ஒரு டயோடும் ஒரு கண்டென்சரும் கிடைத்தன. கம்பியைச் சுருளாகச் சுற்றி, ஏரியலைக் கூரைமேல் நீட்டி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டினேன். பற்றரி தேவையில்லை. காற்றில் வரும் அலையின் சக்தியே இயர்போனைப் பேச வைத்தது.

அவ்வாண்டு நோன்பில் ஒரு நாள், வாப்பா அந்த இயர்போனைக் காதில் வைத்து வானொலியின் மஃரிப் பாங்கைக் கேட்டுத்தான் நோன்பு திறந்தார். பள்ளிவாசல் பாங்கு வீடுவரை கேட்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஒரு பாதிரியார் எழுதிய புத்தகம், ஓர் இந்துப் பிள்ளையின் கைவழியாக எங்கள் வீட்டு நோன்பு திறப்புக்கு வந்து சேர்ந்ததை நான் பின்னர்தான் யோசித்தேன்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் மலிவான பெட்டிகள் புறக்கோட்டையில் குவிந்தன. 1979இல் ஐ.ரி.என்., 1982இல் ரூபவாஹினி எனத் தொலைக்காட்சியும் வந்தது. எனினும், இந்தப் பொழுதுபோக்கு மங்கியதற்கு அவை மட்டும் காரணமல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தபோது நண்பனின் வீடும் எரிந்தது. அவன் சேர்த்திருந்த புத்தகங்களும் வரைபடங்களும் சாம்பலாயின. அவர்கள் இரத்மலானை முகாமிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். இரவல் புத்தகம் என்னிடமே தங்கிவிட்டது.

பின்வந்த ஆண்டுகளில் கம்பியும் பற்றரியும் சோதனைச் சாவடிகளில் விளக்கம் சொல்ல வேண்டிய பொருள்களாயின. ஒரு நாள் உம்மா என் பெட்டியைத் திறந்து, சுருள்களையும் கைப்பட வரைந்த சுற்றுப் படங்களையும் எடுத்து அடுப்பில் போட்டார். "உனக்கு இது விளையாட்டு மகன், பார்க்கிறவனுக்கு இது வேற" என்றார். நான் வாதிடவில்லை. வடக்கிலோ, 1990இன் பின் பற்றரி தடைசெய்யப்பட்ட காலத்தில் மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். இங்கே சந்தேகத்துக்குரியதாகிய கைவேலை அங்கே அன்றாடத் தேவையாயிற்று.

ஜோர்ஜ் டொப்ஸ் 2019இல் காலமானார். முதலாம் குறுக்குத் தெருவில் இன்று எந்தப் பாகமும் வாங்கலாம். மூடிய பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்ற துணிவைத்தான் அப்புத்தகங்கள் எங்களுக்குத் தந்தன. அத்துணிவை நாங்கள் இழந்தது அச்சத்தால். அதையும் இந்நகரின் வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும்.

புத்தகம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. முதற்பக்கத்தில் நண்பனின் பெயர். அது அவனுடைய அமானிதம்.