ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ்

ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ், 1972இல் பம்பாயில் தொடங்கப்பட்ட அசைவூட்டப்பட நிறுவனம். ஜப்பானில் தயாரான இராமாயணப் படமும் யுனிசெஃப்பின் மீனா தொடரும் இதன் பெயரை இந்தியாவுக்கு வெளியே கொண்டுசென்றன.

நிறுவனர் ராம் மோகன் (1931–2019), சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் முதுகலைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1956இல் இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்தார். அங்கிருந்த கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சியளிக்க, டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் வந்திருந்தார். ஜாதகக் கதையொன்றைத் தழுவி 1957இல் வெளியான ‘பான்யன் டியர்’ அந்தப் பயிற்சியின் விளைவு. ராம் மோகன் 1968இல் அரசுப் பணியிலிருந்து விலகி, பிரசாத் புரொடக்‌ஷன்ஸின் அசைவூட்டப் பிரிவைச் சில ஆண்டுகள் நடத்திய பின் சொந்த நிறுவனம் கண்டார்.

முதல் இருபது ஆண்டுகள் விளம்பரப் படங்களே சோறு போட்டன. சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) படத்தில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு சமஸ்தானங்களை செர்ரிப் பழங்களாக ஒவ்வொன்றாய் வாயில் போட்டு மெல்லும் கேலிச்சித்திரக் காட்சி, இக்காலத்து வேலைகளில் இன்றும் பேசப்படுவது.

இதே 1972இல் டோக்கியோவில் தொடங்கிய டாப்கிராஃப்ட் நிறுவனத்தை இங்கே நினைவுகூரலாம். அமெரிக்காவின் ராங்கின்/பாஸ் நிறுவனத்துக்காக ‘தி ஹாபிட்’ (1977), ‘தி லாஸ்ட் யூனிகார்ன்’ (1982) போன்ற படங்களை வரைந்து கொடுத்தது அது. கதையும் குரலும் அமெரிக்காவில். ஓவியர்களின் உழைப்பு டோக்கியோவில். 1984இல் இயக்குநர் மியாசாகியின் ‘நௌசிக்கா’வை உருவாக்கிய பின் அது கலைய, அதன் நிறுவனர் தோரு ஹாராவும் ஓவியர்கள் சிலரும் அடுத்த ஆண்டு உருவான கிப்லி நிறுவனத்துக்குச் சென்றார்கள். பம்பாய் நிறுவனத்துக்கு வந்த வெளிநாட்டு வேலை இதற்கு நேர்மாறானது. பெருந்தொகையான சித்திரங்களை வெளிநாட்டார் வரைய, அவர்களுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதே இவர்களின் முதன்மைப் பங்காக இருந்தது.

ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ 1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் இராமாயண அகழாய்வு பற்றிய ஆவணப்படம் எடுத்தார். வெளிநாட்டவர் இராமாயணத்தையே படமாக்குகிறார் என்று செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்பியது. அந்தச் சர்ச்சைதான் பின்னாளில் உண்மையான படத்துக்கு வழிவிட்டது. இந்திய அரசுடன் கூட்டுத் தயாரிப்பாக்கும் முயற்சி கைகூடாததால் வேலை பெரும்பாலும் ஜப்பானிலேயே 1990இல் தொடங்கியது. சாகோ, கோயிச்சி சசாக்கி ஆகியோருடன் ராம் மோகனும் இயக்குநர். ஏறத்தாழ 450 கலைஞர்கள் சுமார் ஓர் இலட்சம் செல் தாள்களில் கையால் வரைந்தார்கள்.

கிமோனோவின் மடிப்பு ஜப்பானிய ஓவியருக்குக் கைவந்தது, வேட்டி அப்படியல்ல. எங்கே கொசுவம் விழும், நடக்கும்போது எந்த முனை அசையும் என்று தெரியாமல் ஒரு காட்சியையும் வரைய முடியாது. வேட்டி கட்டுவதையும் சிறுவர் பெரியோரிடம் ஆசி வாங்குவதையும் இந்தியக் கலைஞர்கள்தான் விளக்க வேண்டியிருந்தது. படம் 1993 ஜனவரியில் புதுடில்லித் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது; பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. இந்தியாவில் அப்போது பெரிய அளவில் திரைக்கு வராத இப்படம், 2025 ஜனவரியில்தான் தமிழ் உட்படப் பல மொழிகளில் திரையரங்குகளைச் சேர்ந்தது.

மீனாவும் இதே வகையான வேலைதான். சார்க் அமைப்பு 1990ஐப் பெண் குழந்தை ஆண்டாக அறிவித்ததைத் தொடர்ந்து, பங்களாதேஷ் யுனிசெஃப் அலுவலகம் முன்னெடுத்த தொடர் இது. தெற்காசியச் சிறுமிகள் எல்லோரும் தம்மவள் என்று கொள்ளத்தக்க முகமும் உடையும் வேண்டும். வரைந்த மாதிரிகளைப் பல நாட்டுக் கிராமங்களில் காட்டிக் கருத்துக் கேட்டுத் திருத்தினார்கள். வடிவமைப்பு ராம் மோகனுடையது. தொடக்க அத்தியாயத்துக்கு அசைவூட்டியது மணிலாவிலிருந்த ஹன்னா-பார்பெரா கூடம். அதில் பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, மிட்டு என்ற கிளியை வகுப்புக்கு அனுப்பி வாய்ப்பாடு கற்கிறாள். கோழிகளை எண்ணிப் பார்த்து ஒன்று குறைவதைக் கண்டு திருடனைப் பிடிக்க வைக்கிறாள். பிரசாரப் படங்களில் அரிதாகவே காணும் குறும்பு அதில் இருந்தது.

1990களின் பிற்பகுதியில் நிறுவனம் யுடிவியுடன் இணைந்து ஆர்.எம்.-யு.எஸ்.எல். ஆயிற்று. வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான ஒப்பந்த வேலையை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டது அதன் பிறகுதான்.