சதுரங்க யந்திரமும் மானிட வல்லமையும்: கால அளவை முன்னிட்டு ஓர் ஆய்வு

சதுரங்க யந்திரங்கள் கிராண்ட்மாஸ்டர்களின் ஆற்றலுக்கு மெய்யாகவே ஈடாகுமா என்னும் வினாவுக்கு, 1997ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் டீப் புளூ என்னும் யந்திரம் உலகச் சாம்பியன் காரி காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றதே முடிந்த முடிபான விடை என்பது பலருடைய அபிப்பிராயம். ஆயினும், விநாடிக்கு இருபது கோடி நிலைகளை ஆராயவல்ல அந்த யந்திரத்திடம், சமன் செய்யும் வழி உண்டென்று ஆய்வாளர்கள் பின்னர் காட்டிய ஒரு நிலையில், காஸ்பரோவ் இரண்டாம் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்பதையும், அவர் கோரிய மறுபோட்டி நடைபெறவே இல்லை என்பதையும் நினைவு கூர்ந்தால், அவ்வெற்றி ஓர் அறிகுறியேயன்றி நிரூபணம் ஆகாது என்பது புலனாகும்.

நிரூபணத்துக்குரிய அளவுகோலைத் தந்தது, மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த் 1998ஆம் ஆண்டு இத்தாலியின் இஸ்கியா தீவில் ரெபெல் 10 என்னும் நிரலுடன் ஆடிய எட்டு ஆட்டங்களே என்பது எமது துணிபு. ஐந்து நிமிஷ ஆட்டங்கள் நான்கில் யந்திரம் 3–1 என்று முந்தியது. பதினைந்து நிமிஷ ஆட்டங்கள் இரண்டில் 1½–½ என்று முந்தியது. ஆனால் நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் அளித்த இரண்டு ஆட்டங்களில் ஆனந்தே 1½–½ என்று மேம்பட்டார். மொத்தக் கணக்கு 5–3 என யந்திரத்துக்குச் சாதகமாயினும், யோசிக்க அவகாசம் கிடைத்தவிடத்து மனித புத்தி அன்று தன் ஸ்தானத்தை இழக்கவில்லை. காலமே மனிதனின் கவசம்.

அக்கவசம் பின்பு உடைந்தது. 2005இல் லண்டனில் ஹைட்ரா என்னும் யந்திரம், கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை நீண்ட கால அளவிலேயே 5½–½ என்று வீழ்த்தியது. 2006இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ், உலகச் சாம்பியன் கிராம்னிக்கை 4–2 என்று வென்றது. அப்போட்டியில் கிராம்னிக் ஒரே நகர்த்தலில் முடியும் செக்மேட்டைக் காணத் தவறியது தற்செயலன்றோ என்பார்க்கு, பிழையாமையும் வலிமையின் ஓர் அங்கமே என்பது எமது சமாதானம். அதுவும் போதாதெனின், 2007இல் ரிப்கா, ஆட்டந்தோறும் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்தே கிராண்ட்மாஸ்டர் ஏல்வெஸ்டை 5½–2½ என்று வென்றதைக் காட்டலாம். ஆகவே, வெற்றி ஒன்றையே வலிமையெனக் கொண்டால், ஈடாகுமா என்ற வினாவுக்கே இன்று இடமில்லை, யந்திரம் விஞ்சிவிட்டது.

ஆனால் ஆட்டத்தில் விஞ்சியது ஆசானாகவும் விஞ்சிவிட்டது என்று கொள்வது நியாயமன்று. 1990இல் கோலாலம்பூரில் கார்ப்போவும் டிம்மனும் உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றின் இறுதிப் போட்டியில் ஒன்பது ஆட்டங்கள் பொருதியபோது, ஒரு நகர்த்தல் நன்றோ தீதோ என்று தீர்க்க, வல்லுநர்களின் விவாதத்தையன்றி நம்பத்தக்க வேறு துலாக்கோல் இல்லை. இன்றோ, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சதுரங்கம் பயிலும் சிறுவன், ஆட்டம் முடிந்ததும் காய்களை அடுக்குமுன்னே கைப்பேசியைத் திறக்கிறான், தன் இருபதாம் நகர்த்தலுக்கு நேரே யந்திரம் இட்ட மதிப்பீட்டு எண் சரிந்திருப்பதைக் காண்கிறான், முகம் வாடுகிறான், மூடிவிடுகிறான். குதிரையை ஏன் அவ்விடத்தில் வைத்தான் என்று அவனை யாரும் கேட்கவில்லை. அந்த எண்ணும் கேட்பதில்லை. பிழை எங்கே என்று யந்திரம் காட்டிவிடும்; அப்பிழைக்கு வித்தான எண்ணம் யாது என்பதை, அதனை எண்ணியவனே சொல்லியாக வேண்டும்.

ஆதலின், கிள்ளான் பள்ளத்தாக்கின் பயிற்றுநர்களுக்கும் பெற்றோருக்கும் எமது விண்ணப்பம் ஒன்றே: பிள்ளை தன் ஆட்டத்தைத் தன் கையால் எழுதி, ஒவ்வொரு முக்கிய நகர்த்தலுக்கும் தான் கொண்ட காரணத்தைத் தன் சொல்லால் குறித்த பின்னரே யந்திரத்தின் தீர்ப்பை நாடட்டும். இஸ்கியாவில் ஆனந்துக்குத் துணைநின்ற அந்த அவகாசத்தை நம் பிள்ளைகளுக்கும் அளிப்போமாக.