கொடைக்கானல் பாதரசம்: ஆபத்தை யார் யாரிடம் சொல்லணும்?

இந்த எபிசோட் கொடைக்கானல் பற்றியது. ஏரி, சைக்கிள், சாக்லேட், பில்லர் ராக்ஸ் எதுவும் இதில் வராது, முன்னாடியே சொல்லிடறேன். இன்றைக்கு நாம் பார்க்கப்போவது ஒரு தெர்மாமீட்டர். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நாக்குக்கு அடியில் வைத்து, "கடிச்சிடாதே, உள்ள விஷம் இருக்கு"ன்னு அம்மா பயமுறுத்துவாங்களே, அந்தக் கண்ணாடிக் குழாய்.

அம்மா சொன்னது சரிதான். அதற்குள் இருந்தது பாதரசம், ஒரு கிராம் அளவுக்கு. நம்மிடம் வரும்போது அது மூடிய கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும். ஆனா அதை யாரோ ஒருத்தர் அந்தக் கண்ணாடிக்குள் நிரப்பியிருக்கணும் இல்லையா? அந்த 'யாரோ'வின் கதைதான் இது.

ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பராமரிப்பு வேலை என்று எங்கே பயிற்சி கொடுத்தாலும் இப்போது 'சேஃப்கார்டிங்' என்ற சொல் முதலில் வரும். தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவருக்கு நம்மால் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது. நோயாளியைப் பற்றி அப்படி யோசிக்கிற மருத்துவ உலகம், நோயாளியின் வாயில் வைக்கிற கருவியைச் செய்தவர்களைப் பற்றி எவ்வளவு யோசித்தது? அதைத்தான் இன்று கேட்கப்போகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் கம்பெனியுடையது. ஆமாம், நம்ம வீட்டு பவுடர் டப்பாவில் இருக்கிற அதே பாண்ட்ஸ். 1980களின் தொடக்கத்தில் அந்த ஆலை அங்கே மூடப்பட்டு, இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்தன. செயின்ட் மேரிஸ் சாலையில், பாம்பார் சோலைக்கு மேலே இருக்கும் மேட்டில் ஆலை எழுந்தது. சோலைக்காடு என்றால் பழனி மலைக்குத் தண்ணீர் தொட்டி மாதிரி. பாம்பாறு அங்கிருந்து கீழே இறங்கி, பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவியாக விழுகிறது. குளிக்கப் போயிருப்பீங்க.

1986-87 வாக்கில் யூனிலீவர் செஸ்ப்ரோ-பாண்ட்ஸை வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா, ஹிந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்குத்தான். மலையில் நிரந்தர வேலை கிடைப்பது அபூர்வம். அதனால் 'பாண்ட்ஸ் கம்பெனி வேலை' என்பது அந்த ஊரில் மதிப்பான வேலை. பதினெட்டு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

இப்போ பாதரசம் பற்றிக் கொஞ்சம். அறை வெப்பத்திலேயே ஆவியாகிற உலோகம் இது. அந்த ஆவிக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சோடு போனால் நுரையீரல் வழியாக ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கை நடுக்கம், ஈறில் ரத்தம், மறதி, காரணமில்லாத எரிச்சல், கூச்சம். இதில் எதைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போனாலும் "டென்ஷனைக் குறைங்க"ன்னு அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

இது புதுசாகக் கண்டுபிடித்த ஆபத்தும் கிடையாது. இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் இத்ரியா பாதரசச் சுரங்கத்தில் 1665லேயே தினசரி வேலை நேரத்தை 6 மணியாகக் குறைத்தார்கள். 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி தொழில்சார் நோய்கள் பற்றிப் புத்தகமே எழுதினார். பாதரசம் பூசிக் கண்ணாடி செய்கிறவர்கள், தங்க முலாம் பூசுகிறவர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன வேலை செய்யறே?" என்பதையும் கேளுங்கள் என்று டாக்டர்களுக்கு அவர் சொல்லிவைத்தார். முந்நூறு வருடம் ஆச்சு. கடைசியாக நீங்கள் போன கிளினிக்கில் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா?

எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது வேறொரு ஆய்வு. 1984இல், அதாவது கொடைக்கானல் ஆலை ஓடத் தொடங்கிய அதே காலத்தில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். அந்தக் குழந்தைகள் ஆலைக்குள் கால் வைத்தவர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் சிறுநீரில் பாதரசம் மற்றக் குழந்தைகளைவிட சுமார் 5 மடங்கு இருந்தது. பெற்றோரின் உடுப்பிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளிடம் நோய் அறிகுறி எதுவும் தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும். 1987இல் இந்த ஆய்வு குழந்தை மருத்துவ இதழில் வெளியானது. அதற்குப் பிறகு 14 வருடம் கொடைக்கானல் ஆலை ஓடியது.

வேலை உடுப்பை ஆலையிலேயே கழற்றணும், ஆலையிலேயே துவைக்கணும், குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும், காற்றில் எவ்வளவு ஆவி இருக்குன்னு அளக்கணும். ராக்கெட் சயின்ஸ் ஒன்றும் இல்லை. பாதுகாப்பு நடைமுறைகளும் மருத்துவக் கண்காணிப்பும் ஒழுங்காகவே இருந்தன என்பது கம்பெனி தரப்பின் நிலைப்பாடு. முன்னாள் தொழிலாளர்கள் சொல்வது வேறு: பாதரசம் என்ன செய்யும் என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை, போதுமான பாதுகாப்புச் சாதனம் தரவில்லை.

2001 மார்ச்சில் விஷயம் வெடித்தது. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில், ஜனங்கள் நடமாடுகிற இடத்தில், ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி குவிந்து கிடந்தது. 7 டன்னுக்கு மேல் என்றது போராட்டத் தரப்பு. உள்ளூர் மக்கள், பழனி மலைப் பாதுகாப்புக் குழு, கிரீன்பீஸ் எல்லாரும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்தார்கள். தங்கள் நடைமுறையை மீறி அந்தக் கழிவு விற்கப்பட்டது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் பாதரசம் கலந்த கழிவு சுமார் 290 டன் கப்பல் ஏறி மறுசுழற்சிக்காக அமெரிக்கா போனது. இயந்திரம் வந்த நாட்டுக்கே கழிவும் போனது. தொழிலாளர்கள் மட்டும் இங்கேயே இருந்தார்கள்.

அவர்கள் சங்கமாகச் சேர்ந்து 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு ஒன்று, தொழிலாளர்கள் மட்டுமின்றி அவர்களின் குழந்தைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்று சொன்னது. பாதிப்பே இல்லை என்பதில் கம்பெனி உறுதியாக நின்றது.

இரண்டு குழு, இரண்டு முடிவு. எப்படி? என் தொழில் பாஷையில் சொன்னால் இது லாக் பிரச்சினை. உடம்புக்குள் போன பாதரச ஆவியின் அளவு சுமார் 2 மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அது செய்த சேதம் தங்கலாம், பாதரசம் தங்காது. ஆலை மூடி ஐந்தாறு வருடம் கழித்து சிறுநீரை எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? சர்வர் படுத்து அஞ்சு வருஷம் கழிச்சு, அதுவும் லாக் ஃபைல் இல்லாம, காரணம் கண்டுபிடின்னு சொல்ற மாதிரி. வேலை செய்த காலத்தில் எடுத்த அளவுகள்தான் ஆதாரம். அந்த அளவுகளை எடுப்பதும் வைத்திருப்பதும் முதலாளி தரப்பு.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். 41பி பிரிவு: ஆபத்தான தொழில் நடத்துகிறவர், அந்த ஆபத்து என்ன என்பதைத் தொழிலாளிகளுக்கும் சுற்றியிருக்கும் மக்களுக்கும் தானாகவே சொல்லணும் என்றது. 41சி: தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை வைத்திருக்கணும், அது தொழிலாளி பார்க்கக் கிடைக்கணும் என்றது. 41எச்: உடனடி ஆபத்து என்று தோன்றினால் எச்சரிக்கத் தொழிலாளிக்கு உரிமை தந்தது. இதோடு, பாதரச நச்சு அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. பார்த்த டாக்டரும் சொல்லணும், ஆலை மேலாளரும் சொல்லணும். தாளில் இதைவிட நல்ல சேஃப்கார்டிங் பாலிசி கிடைக்காது. ஆனா எச்சரிக்கை மணியை அடிக்கும் பொறுப்பும், அடிக்காமல் விட்டால் லாபம் பார்ப்பதும் ஒரே ஆள். தொழிற்சாலை ஆய்வாளர் தவறாமல் வந்து பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஒழிய, 41சி வெறும் எழுத்தாகத்தான் இருந்தது.

2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' என்று ஒரு ராப் வீடியோ போட்டார். நம்மில் பல பேருக்கு இந்த விவகாரமே அதில்தான் தெரிய வந்தது. லட்சக்கணக்கில் பார்த்தார்கள், நிக்கி மினாஜே பகிர்ந்தார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் குடும்பங்களுடனும் கம்பெனி சமரசம் செய்தது. பத்து வருட வழக்கு முடிந்தது. மனிதாபிமான அடிப்படையில் கொடுக்கிறோம் என்றது கம்பெனி. தொகை வெளியிடப்படவில்லை. ஆலை வளாகத்தின் மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்யணும் என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓடியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை போதும் என்று ஒரு தரப்பு, சோலைக்காட்டுக்கு அது போதவே போதாது என்று இன்னொரு தரப்பு.

இதற்கிடையில் தெர்மாமீட்டரே மாறிவிட்டது. பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்தம் 2017 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது, 2018இல் இந்தியா அதை ஏற்றது. அதன்படி 2020க்குப் பிறகு பாதரச தெர்மாமீட்டர் தயாரிப்பு நிற்கணும். ஆஸ்பத்திரிகளில் இப்போது டிஜிட்டல்தான்.

ஆனா உங்க வீட்டு மருந்துப் பெட்டியில் பழசு ஒன்று கிடக்கலாம். உடைஞ்சா என்ன செய்யணும்னு நிறைய பேர் கேட்பீங்க, சொல்லிடறேன். குழந்தைகளை அறையை விட்டு வெளியே அனுப்புங்க, ஜன்னலைத் திறங்க, ஃபேனை நிறுத்துங்க. துடைப்பம் வேண்டாம், அது உருண்டையை இன்னும் பொடியாக்கும். வாக்குவம் கிளீனர் கண்டிப்பா வேண்டாம், ஆவியை அறை முழுக்க ஊதிவிடும். கையுறை போட்டு, இரண்டு கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்று சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட பாட்டிலில் போடுங்க. சிங்க்கில் ஊற்றாதீங்க, குப்பையில் போடாதீங்க. பாட்டிலின் மேல் 'பாதரசம்' என்று எழுதி ஒட்டுங்க, அதை அடுத்து எடுக்கப்போகிற ஆளுக்குத் தெரியணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.