கொற்கையைத் தேடி ஒரு பாய்மரப் பயணம்

மலர்க் குழு நண்பர்கள் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "சரித்திரக் கட்டுரை வேண்டும், ஆனால் பரீட்சை நோட்ஸ் மாதிரி இருக்கக் கூடாது" என்று. முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவனிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் அநியாயம்தான். இருந்தாலும் 2025 பிப்ரவரியில் நம் பாட்ச் நண்பர்கள் மூன்று பேரோடு தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரைக்கும் பாய் விரித்த வள்ளத்தில் போய் வந்தேன். அதை எழுதினால் நோட்ஸ் வாடை கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் வகுப்புக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் வருஷம் படிக்கும்போது நம் பேராசிரியர் எங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக் கொற்கைக்குக் கூட்டிப் போனார். பாண்டியரின் முத்துத் துறைமுகம், யவனர் வந்த பட்டினம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கிப் பார்த்தால் வயல், வாழைத் தோட்டம், பனைமரம், ஒரு வயசான வன்னி மரம். "சார், கடலு எங்க சார்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். பேராசிரியர் கிழக்கே கையைக் காட்டி, "ஒன்றரை மணி நேரம் நட, வரும்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

சிரிப்பு சரி, கேள்வி நியாயமானது. பழைய துறைமுகம் எதுவும் இன்றைக்குக் காணவில்லை என்றால் "கடல் கொண்டது" என்று சொல்லிவிட்டுப் போவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கபாடபுரம் கடல் கொண்டது, பூம்புகார் கடல் கொண்டது, அதே மூச்சில் கொற்கையும் கடல் கொண்டது என்று மேடையில் பேசுகிறவர்களை இன்றும் கேட்கிறேன். கொற்கை விஷயத்தில் நடந்தது நேர் எதிர். அங்கே கடல் ஊரைக் கொள்ளவில்லை. நிலம் கடலைக் கொண்டது. தாமிரபரணி மலையிலிருந்து சுமந்து வந்த மண்ணை முகத்துவாரத்தில் கொட்டிக் கொட்டிக் கடலை ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது.

கொற்கையின் பழமையில் சந்தேகமில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு இதைக் 'கொல்கி' என்று சொல்கிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் ஒரு சேதி தருகிறது. 1968-69ல் தமிழக அரசு தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. துறைமுகம் ஏன் செத்தது என்பதை முதலில் ஒழுங்காக விளக்கியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர். 1870களில் அவர் கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டிப் பார்த்து, ஆறு மண் சேர்க்கச் சேர்க்கக் கடல் விலகியது, வியாபாரம் கொற்கையை விட்டுக் காயலுக்கு இறங்கியது, பிறகு காயலையும் விட்டு நகர்ந்தது என்று எழுதினார். இதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் காகிதத்தில் படிப்பது வேறு, அந்த மண்மேட்டைப் படகில் தாண்டுவது வேறு.

இப்போது பாயை நம்பிக் கடலுக்குப் போகிறவர் யார்? எல்லா வள்ளத்திலும் என்ஜின் வந்துவிட்டது. தூத்துக்குடியில் ஒரு பெரியவர், எழுபத்தைந்து வயசு தாண்டியவர், வாலிபத்தில் பாய்த் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போனவர், கடைசியில் தண்டலாகவும் இருந்தவர். அவருடைய மகன் வள்ளத்தில் பழைய பாயும் பருமலும் பத்திரமாக இருந்தன. ஆபத்துக்கு என்ஜின் இருக்கட்டும், மற்றபடி பாய்தான் என்று பேசி, வாங்க வேண்டிய அனுமதியையும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அனுமதி வாங்க ஆன நாளில் நடந்தே மணப்பாடு போயிருக்கலாம். அதை விடுங்கள்.

வாடை ஓய்ந்து கொண்டல் காற்று இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்த விடியற்காலை. முதலில் பெரிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைச் சுற்ற வேண்டும். கடலுக்குள் நாலு கிலோமீட்டர் போல நீண்டு கிடக்கிறது. எதற்கு இவ்வளவு நீளம்? ஆழத்தைத் தேடித்தான். தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைவு. அந்தக் காலத்தில் நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் தோணியில்தான் போய் வர வேண்டும். 1876ல் ரயில் வந்து பஞ்சு மூட்டைகள் குவிந்த பிறகும் அதே கதைதான். 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல் கொண்டுவந்தபோதும் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தோணிதான். வ.உ.சி.யைப் பாடும் நாம் அந்தத் தோணிக்காரர்களைப் பற்றி ஒரு வரி பேசியதில்லை. 1974ல் ஆழமான புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் கப்பல்கள் நேராக வந்து கட்டத் தொடங்கின.

"ஆழம் இல்லாததுதான் தம்பி எங்களுக்குச் சோறு போட்டுச்சு" என்றார் பெரியவர். "கப்பல் கரைக்கு வந்துட்டா தோணிக்கு என்ன சோலி? அப்புறம்தான் நாங்க கொழும்பு, மாலின்னு தூரம் போனது. காத்து அமைஞ்சா கொழும்புக்கு ரெண்டு ராத்திரி."

சுவரைச் சுற்றித் தெற்கே திரும்பியதும் காற்று பின்பக்கம் வந்தது. பாய் நிறைந்து வள்ளம் நழுவத் தொடங்கியது. என்ஜின் சத்தம் நின்ற அந்த நிமிஷம் நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். நம்மில் ஒருவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அணியத்தில் குனிந்திருந்தார். பேர் சொல்ல மாட்டேன், மேடையில் தைரியமாகப் பேசுகிறவர்.

பெரியவர் ஜி.பி.எஸ். பார்க்கவில்லை. கரையில் தெரியும் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு பனங்கூட்டமும் ஒரே நேர்கோட்டில் வந்தால் இந்த இடம், விலகினால் அந்த இடம் என்று கணக்கு. அதைக் கணியம் என்கிறார்கள். தரை மணலா, பாரா என்பதும் அதிலேயே அடக்கம். இந்தக் கடலில் முத்துப் பார்களை ஆயிரக்கணக்கான வருஷம் இப்படித்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கணியங்கள் சோறு போடவில்லை, ஆகவே மறந்துகொண்டிருக்கின்றன. மகனுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டேன். "அவனுக்குப் பெட்டிய (ஜி.பி.எஸ்ஸைச் சொல்கிறார்) பாக்கத் தெரியும்" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

பிற்பகல் புன்னைக்காயல் முகத்துவாரம். இங்கேதான் தாமிரபரணி கடலில் சேர்கிறது. பச்சையாக இருந்த தண்ணீர் மெல்ல மெல்லக் கலங்கி மண் நிறமாகியது. பெரியவர் பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டு மகனிடம் ஒரு நீளக் கழியைக் கொடுத்தார். "ரெண்டு பாகம்... ஒண்ணே முக்கா... ஒண்ணரை... ஒண்ணு" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு பாகம் என்றால் ஆறடி. அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் வழி விடுகிறது என்று கொஞ்ச நேரம் வெளியிலேயே காத்துக் கிடந்தோம். ஏத்தம் வந்து தண்ணீர் கொஞ்சம் உயர்ந்ததும் அந்த இடைவெளியில் சட்டென்று நுழைந்தார். அடியில் கர்ரென்று மணல் உரசிய சத்தம் கேட்டது.

அந்த ஒரு சத்தத்தில் கால்டுவெல் எழுதியதெல்லாம் விளங்கிவிட்டது. சின்ன வள்ளத்துக்கே இந்தப் பாடு என்றால், பாரம் ஏற்றிய மரக்கலம் என்ன செய்யும்? ஒரு வருஷம் வெளியே நின்று தோணியில் சரக்கை இறக்கும். அடுத்த வருஷம் இன்னும் தள்ளி நிற்கும். அதற்கடுத்த வருஷம் வியாபாரியே கிட்டங்கியை வாய்க்குப் பக்கத்தில் மாற்றிக் கட்டிவிடுவான். சண்டையும் இல்லை, பிரளயமும் இல்லை. ஊர் காலியாவது இப்படித்தான், ஒவ்வொரு கிட்டங்கியாக. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று நாம் நாலு துறைமுகமாகப் படித்தோம். தண்ணீரிலிருந்து பார்த்தால் அது ஒரே துறைமுகம். மண்ணுக்குப் பயந்து இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்த்த 'காயில்' இந்த வரிசையில் இரண்டாவது. ஹோர்மூஸ், கிஸ், ஏடன், அரேபியா என்று மேற்கிலிருந்து வரும் கப்பலெல்லாம் குதிரையும் சரக்கும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்ததாக எழுதியிருக்கிறார். இந்த நாட்டில் குதிரைக்கு வைத்தியமும் பராமரிப்பும் தெரிந்தவர் இல்லாததால் அவை செத்துப்போகின்றன, அரசர்கள் மறுபடி மறுபடி வாங்குகிறார்கள் என்பதும் அவர் சொன்னதே. அந்தக் குதிரைகள் கரையேறிய இடத்தில் இப்போது உப்பளம். பழையகாயல்தான் அந்தக் காயல் என்பது கால்டுவெல் கட்சி. காயல்பட்டினத்து நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "போலோ எங்க ஊருக்குத்தான் வந்தார்" என்று ஒருவர் என்னிடம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே வாதாடினார். டீ நன்றாக இருந்தது. கட்சி மட்டும் மாறவில்லை.

அன்று ராத்திரி புன்னைக்காயலில் தங்கினோம். போர்ச்சுகீசியர் காலத்தில் இது பெரிய ஊர். 1530களில் பரதவர் கிறிஸ்தவம் தழுவிய பிறகு ஏசு சபையினர் இங்கே இருந்து வேலை செய்தார்கள். அவர்களில் அன்றிக்கு அடிகளார் தமிழ் அச்சுக்கே முன்னோடி. அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578ல் கொல்லத்தில் அச்சானது. 1586ல் வந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலில் அச்சேறியது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இந்த மணல்வாய்க்குள் எப்படியோ ஒரு அச்சு இயந்திரம் படகேறி வந்திருக்கிறது! அடிகளார் 1600ல் காலமாகி, அடக்கமானது தூத்துக்குடியில். அந்த நூற்றாண்டில் வியாபாரமும் அதே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. 1658ல் டச்சுக்காரர் வந்து பிடித்ததும் தூத்துக்குடியைத்தான்.

மறுநாள் காற்று நல்ல வேகம். காயல்பட்டினம் மினாராக்கள், பிறகு திருச்செந்தூர்க் கோபுரம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இந்தக் கோயிலைப் பிடித்துச் சுவாமி விக்கிரகத்தை எடுத்துப் போனதும், 1653ல் அது கடலிலிருந்து மீட்கப்பட்டதாகச் சொல்லப்படுவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பெரியவர் கிறிஸ்தவர், கோபுரத்தைப் பார்த்ததும் தலைப்பாகையை எடுத்துவிட்டார். "நமக்கு வழி காட்டுதுல்லா" என்றார்.

குலசேகரப்பட்டினம் ஒரு காலத்தில் பனைவெல்லமும் கருவாடும் ஏற்றிய துறை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே ஒரு சின்ன ரயில்கூட ஓடிற்று. இப்போது தண்டவாளமும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனால் 2024 பிப்ரவரி 28ல் இங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். காரணம் வேடிக்கையானது. இங்கிருந்து தெற்கே பார்த்தால் இலங்கை குறுக்கே வராமல் திறந்த கடல். ராக்கெட்டைச் சுற்றுவழியில் விட வேண்டியதில்லை. பட்டினத்தின் அதிர்ஷ்டம் மறுபடியும் கடலைப் பார்த்த திசையில்தான் இருக்கிறது!

மணப்பாடு தூரத்திலேயே தெரிந்துவிட்டது. மட்டமான மணல் கரையில் திடீரென்று ஒரு குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில். சோழகக் காற்றுக்கு அந்தக் குன்று மறைப்பு, ஆகவே துறை. புயலில் உடைந்த போர்ச்சுகீசியக் கப்பலின் பாய்மரத்தைத்தான் இங்கே சிலுவையாக நட்டார்கள் என்பது ஊர் ஐதீகம். 1542ல் வந்த சவேரியார் தங்கிய குகை கீழே இருக்கிறது. கோயில் 1581ஆம் வருஷத்தது.

மலரைப் படிக்கிற நண்பர்களிடம், முக்கியமாக இந்த மாவட்டத்தில் இருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். நாங்கள் இரண்டு நாளில் பெரியவர் சொன்ன கணியங்களில் பதினேழை நோட்டில் எழுதிக்கொண்டோம். இன்னும் எத்தனையோ இருக்கின்றன என்றார். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பேரப்பிள்ளையின் செல்போனில் ஒரு மணி நேரம் அவர் பேச்சைப் பதிவு செய்து சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கல்வெட்டைப் படிக்க ஆள் இருக்கிறார்கள். இதைப் படிக்க ஆள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மணப்பாட்டில் ஆற்றுவாய்க்கு வெளியே நாலைந்து வள்ளங்கள் தண்ணீர் ஏறுவதற்காகக் காத்து நின்றன. நாங்களும் வரிசையில் நின்றோம். மணல்திட்டு ஒன்று நீளமாக நாக்கு நீட்டியிருந்தது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சின்னப் பயலா வந்தப்போ இந்தத் திட்டு இவ்வளவு நீளம் கெடையாது" என்றவர், கழியை எடுத்து மகனிடம் கொடுத்தார். "போட்டுப் பாருலே, எவ்வளவு கெடக்குன்னு."